சங்கு ஊதும்வரை திரும்பாதே

ஆகஸ்ட் 28

வாலாட்டிக்கு,

முன்பு ஒருமுறை ஆறாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து நின்று என்னைக் கேட்டாள்: "டீச்சர், நீங்க போர்டுல எழுதும்போது எங்களுக்கு முதுகைத்தான் காட்டிக்கிட்டு நிக்கிறீங்க. அப்புறம் எப்படி யார் என்ன பண்றாங்கன்னு சரியா சொல்றீங்க?" வகுப்பே சிரித்தது. நான் சொன்னேன்: சத்தத்தை வைத்து இல்லை அம்மா, சத்தம் நிற்பதை வைத்து. பிள்ளைகள் பேசிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு மூலையில் திடீரென்று பேச்சு நின்றால் அங்கே யாரோ மையைக் கொட்டியிருப்பார்கள், அல்லது யாருக்கோ மூக்கில் ரத்தம் வந்திருக்கும். முதுகைக் காட்டி நிற்கிறவளுக்கு முதுகுதான் கண்.

நேற்று நீ தொலைபேசியில் அழுதபோது அந்தப் பெண்ணின் நினைவு வந்தது. அதனால்தான் பாதியில் வைத்துவிட்டேன். கோபம் இல்லை. நீ அழுவாய், நான் "சரி, சரி" என்பேன், இரண்டு பேருக்கும் ஒன்றும் விளங்காமல் போகும். எழுது. எழுதும்போது மனிதர்கள் குறைவாக அழுகிறார்கள். அழுதாலும் வாக்கியத்தை முடித்துவிட்டு அழுகிறார்கள்.

நீ கேட்பது ஒரே கேள்வி. போன வருஷம் ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என்னை மட்டும் தனியாக அழைத்துப் போய் என்ன சொன்னார்? உன் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த உன் புருஷன், என் தம்பி, ஒரே நொடியில் போனானா, அல்லது நீ திரும்பிப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பானா? மாதம் ஒருமுறையாவது இதைக் கேட்கிறாய். நியாயமான கேள்விதான். பதிலும் என்னிடம் இருக்கிறது.

ஆனால் நான் கணக்கு வாத்தியார். வழியை எழுதாமல் விடையை மட்டும் கேட்கிற பிள்ளைக்கு நான் விடை சொன்னதில்லை. அன்று காலையைப் பற்றி நீ எனக்கு இதுவரை சொன்னது, "உட்கார்ந்திருந்தோம் அண்ணி, ஆலையில சங்கு ஊதுச்சு, திரும்பினேன், போயிட்டார்" என்பது மட்டும். அதில் தலை இருக்கிறது, வால் இருக்கிறது, உடம்பு இல்லை. முதலில் அதை எழுது. பிறகு டாக்டர் சொன்னதைச் சொல்கிறேன்.

எனக்கு மூட்டு வலி பரவாயில்லை. இங்கே இலைகள் மஞ்சளாகத் தொடங்கிவிட்டன. வேளாவேளைக்குச் சாப்பிடு.

அண்ணி


செப்டம்பர் 3

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைத் தபால் ஆபீசில் நானே வகை பிரித்து அடுக்கினேன், நானே என் பையில் போட்டேன், தெருத் தெருவாகச் சுமந்தேன், கடைசியில் என் வீட்டுக் கதவிடுக்கில் நானே செருகிவிட்டு உள்ளே போய் எடுத்தேன். தபால்காரிக்குக் கடிதம் வந்தால் இப்படித்தான். அடுத்தவர்களுக்குக் கடிதம் கொடுத்துப் பழக்கம், எழுதிப் பழக்கமில்லை. தப்பு இருந்தால் சிவப்பு மையில் திருத்தி அனுப்பாதீர்கள்.

வழியை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை. இலையுதிர் காலம் ஆரம்பித்து முதல் குளிர். அவர் கடைக்கு லீவு. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு வாரத்தில் ஒரு நாள்தான் தூரத்தில் இருப்பதைப் பார்க்க முடியும், மற்ற நாளெல்லாம் அடுத்தவன் கண்ணைத்தான் பார்க்கணும் என்று அவர் சொல்வது உங்களுக்கும் தெரியும். ஃபிளாஸ்கில் டீ எடுத்துக்கொண்டோம். ஆலைக்குப் பின்னால் இருக்கும் கரம்பு நிலத்துக்குப் பறவை பார்க்கப் போனோம். வழியெல்லாம் சண்டை.

"இன்னைக்காவது வாலை ஆட்டாம உட்காரு."

"நீங்க வாயை ஆட்டாம வாங்க, போதும்."

"நீ செருப்பைத் தேய்க்கிற தேய்ப்புல கொக்கெல்லாம் பக்கத்து மாவட்டத்துக்குப் போயிடும்."

"போகட்டும். அங்கயும் நான்தான் தபால் கொடுக்கப் போவேன்."

மேட்டில் முக்காலிகளைப் போட்டோம். உங்கள் வழக்கப்படிதான், முதுகுக்கு முதுகு. அவர் மேற்கே, மின்கம்பிகளைப் பார்த்து. நான் கிழக்கே, நாணல் குட்டையைப் பார்த்து, வெயில் கண்ணில் அடிக்கிற பக்கம். ஆளுக்குப் பாதி வானம். ஆலைச் சங்கு ஊதும்வரை பேசக்கூடாது, திரும்பக்கூடாது, அடுத்தவர் பாதியை எட்டிப் பார்க்கக்கூடாது. ஊதியதும் யார் என்ன பார்த்தோம் என்று சொல்லிக்கொள்ள வேண்டும்.

பனி இருந்தது. குட்டையில் முக்குளிப்பான் ஒன்று முங்கி முங்கி எழுந்தது. நாணலில் ஏதோ கதிர்க்குருவி, எனக்குப் பெயர் தெரியாது. பின்னால் தகைவிலான் குருவிகள் கம்பியில் கூடிப் பேசுவது கேட்டது. ஊரைவிட்டுப் போகும் முன்னால் கூட்டம் போடுமே, அந்தச் சத்தம். அப்புறம் சேற்று ஓரத்தில் பனி விலகியது, அங்கே ஒரு உள்ளான். நீள மூக்கைச் சேற்றில் குத்திக் குத்தி. பதினாறு வருஷமாக நான் பார்க்க ஆசைப்பட்டது. அது ஒரு சின்ன அசைவுக்கும் பறந்துவிடும் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

பிறகு சங்கு ஊதியது. திரும்பினேன்.

சத்தம் நிற்பதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் போனதே சத்தம் போடாமல் இருக்கத்தான் அண்ணி. அங்கே நிற்பதற்கு என்ன சத்தம் இருந்தது?

வழி எழுதிவிட்டேன். விடையைச் சொல்லுங்கள்.

வா.


செப்டம்பர் 9

வாலாட்டிக்கு,

எழுதப் பழக்கமில்லை என்று சொல்லிவிட்டு நன்றாகவே எழுதியிருக்கிறாய். பனி விலகிய இடம் கண்ணுக்குத் தெரிந்தது. நான் தேர்வுத் தாள் திருத்தும்போது இப்படி ஒரு வரி வந்தால் ஓரத்தில் ஒரு கோடு போடுவேன்.

ஆனால் உள்ளானுக்கும் சங்குக்கும் நடுவில் ஒரு வரி காலியாக இருக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மேசை மேல் பென்சிலை நிறுத்தி வைத்தேன் என்று ஒரு பிள்ளை எழுதினால், எதன் மேல் சாய்த்து வைத்தாய் என்றுதான் கேட்பேன். அந்த முக்காலிகளை வாங்கியது நான். நீ உட்காருவது நான் உட்கார்ந்திருந்த முக்காலி. வெயில் அடிக்கிற பக்கத்தை அவன் உனக்குத் தந்தான் என்று குறைப்படாதே, அதுவும் என் பக்கம்தான். அம்மா போன பிறகு அவனைக் கையில் பிடித்துக்கொண்டு போய் அந்த மேட்டில் முதலில் உட்கார வைத்தவள் நான். நீ வந்த வருஷம் மாற்றல் வாங்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன். அதைப் பற்றிப் பேச வேண்டாம். நான் சொல்ல வந்தது, அந்த முக்காலிக்கு முதுகு கிடையாது. உயிர் போன உடம்பு அதில் உட்கார்ந்திருக்காது, சரிந்து விழும். விழுந்தால் உனக்குக் கேட்டிருக்கும். நீ சங்கு ஊதிய பிறகுதான் திரும்பினாய்.

அப்படியானால் அவன் எதன் மேலோ சாய்ந்திருந்தான்.

எதன் மேல் என்று நான் கேட்கப்போவதில்லை. நீயே எழுது. அவசரமில்லை. இரண்டு நாள் எடுத்துக்கொள். டாக்டர் சொன்னது எனக்கு மறந்துவிடாது.

பனியில் தலைக்குத் துணி கட்டிக்கொண்டு வேலைக்குப் போ.

அண்ணி


செப்டம்பர் 16

அண்ணி,

இதை யாரிடமும் சொன்னதில்லை.

உள்ளானைப் பார்த்துக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும், சங்குக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கும். அவர் என் முதுகில் சாய்ந்தார்.

மெதுவாகத்தான் சாய்ந்தார். முதலில் ஒரு தோள், அப்புறம் முழுசாக. உச்சிக்கு நேர் மேலே ஏதாவது பறந்தால் அவர் அப்படித்தான் சாய்வார். பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு பின்னால் சாய்ந்து சாய்ந்து, கடைசியில் என் தலை மேல் அவர் தலை வந்து முட்டும். பூனைப்பருந்து போகிறது என்று நினைத்தேன். போன வாரம்தான் ஒன்று போனது. பெரிய பருந்தாக இருக்கும், ரொம்ப உயரத்தில் வட்டம் போடுகிறது, அதனால்தான் இவ்வளவு நேரம் சாய்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

நான் அசையவில்லை அண்ணி. அசைந்தால் அவருக்குப் பருந்து தப்பிவிடும், எனக்கு உள்ளான் தப்பிவிடும். காலை மண்ணில் நன்றாக ஊன்றிக்கொண்டேன், அவர் பாரத்தைத் தாங்க. முதுகு வலித்தது. இதையும் எழுதிவிடுகிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தப் பக்கம் எனக்கு உள்ளான், அந்தப் பக்கம் அவருக்குப் பருந்து, நடுவில் அவர் என் மேல். இதைவிட நல்ல காலை வராது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வாலாட்டி, வாலாட்டி என்று குருவிப் பெயர் வைத்து என்னைக் கேலி செய்தவர். ஒரு நிமிஷம் சும்மா உட்காரத் தெரியாது என்று ஊரெல்லாம் சொன்னவர். அன்றைக்குத்தான் நான் சரியாக உட்கார்ந்தேன்.

போதுமா? இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை. கெஞ்சிக் கேட்கிறேன். டாக்டர் என்ன சொன்னார்?


செப்டம்பர் 22

வாலாட்டிக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். தைரியமாக எழுதியிருக்கிறாய்.

இன்னும் சில சந்தேகங்கள் இருக்கின்றன. முதலில் ஒரு தோள் என்று எழுதியிருக்கிறாய். எந்தத் தோள்? அவன் தலை உன் தலையில் இருந்ததா, கழுத்திலா? சாய்ந்தபோது முதுகு சூடாக இருந்ததா? சங்கு ஊதும்போதும் அதே சூடு இருந்ததா? அவன் சின்ன வயதில் தூங்கிப்போனால் இடது பக்கமாகத்தான் சாய்வான், எச்சில் ஒழுகும். உன் சட்டை நனைந்திருந்ததா? சங்கு ஊதியதும், திரும்புவதற்கு முன்னால், நீ ஏதாவது பேசினாயா? விதிப்படி யாராவது முதலில் பேச வேண்டுமே.

சும்மா கேட்கவில்லை. ஒரே கேள்வியைக் கடைசி வரிசைப் பிள்ளையிடம் கேட்டால் ஒரு பதில் வரும், அதே பிள்ளையை முன்னால் அழைத்து நிறுத்திக் கேட்டால் வேறு பதில் வரும். நீ இப்போதுதான் முன்வரிசைக்கு வந்திருக்கிறாய்.

நீ வீடு வீடாகப் போகிறவள். மனிதர்களின் கதவைத் தட்டிய மாத்திரத்தில் உள்ளே ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று உனக்குத் தெரிந்துவிடும் என்று அவன் பெருமையாகச் சொல்வான். "அவளுக்குக் கதவைத் தொட்டாலே தெரியும்க்கா" என்பான். உன் முதுகைத் தொட்டுக்கொண்டிருந்த வீட்டில் ஆள் இல்லை என்பது எப்படித் தெரியாமல் போனது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். குற்றமாகச் சொல்லவில்லை. சும்மா இருக்கக் கற்றுக்கொள்ளப் பதினாறு வருஷம் எடுத்துக்கொண்டாய், கற்றுக்கொண்ட பாடத்தை எழுத வேண்டாத தேர்வில் எழுதிவிட்டாய். எல்லாப் பிள்ளைகளும் செய்கிற தவறுதான்.

டாக்டர் சொன்னதைச் சொல்லத்தான் போகிறேன். மருத்துவத்தில் அரை மணி நேரம் என்பது நீண்ட நேரம் என்று மட்டும் இப்போதைக்குத் தெரிந்துகொள்.

கேட்டவற்றுக்குப் பதில் எழுது. முக்கியமாக அந்தத் தோள்.

அண்ணி


அக்டோபர் 2

டீச்சரம்மாவுக்கு,

இனி அண்ணி என்று எழுத மாட்டேன்.

நீங்கள் எழுதிய அரை மணி நேரம் எனக்கு என்ன செய்தது தெரியுமா? அந்த வாரம் என்னால் யார் வீட்டுக் கதவையும் தட்ட முடியவில்லை. கடிதங்களைச் சந்தடி இல்லாமல் கீழே வைத்துவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் கிழவர் நாற்காலியில் தலை சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஜன்னலைத் தட்டித் தட்டி அவரை எழுப்பிவிட்டேன். "என்னம்மா, தந்தியா?" என்று பதறிவிட்டார். பாவம், மின்சார ரசீது.

அப்புறம் ஆஸ்பத்திரி மருந்துக் கடைக்காரரிடம் கேட்டேன். டாக்டர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று அவர் சொன்னார். லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் போனேன். இத்தனை நாள் போகாததற்குக் காரணம் பயம். உங்கள் வாயால் கேட்டால் தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள் அவரை வளர்த்தவர், மெதுவாகச் சொல்வீர்கள் என்று நினைத்தேன்.

டாக்டருக்கு ஞாபகம் இருந்தது. கையில் பிஸ்கட்டோடு நின்றுகொண்டே சொன்னார்.

"உங்க நாத்தனார்கிட்ட அன்னைக்கே சொன்னேனேம்மா. அவர் சாயும்போதே முடிஞ்சுபோச்சு. ஆஸ்பத்திரிக்குள்ளயே உட்கார்ந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"நான் திரும்பியிருந்தா?"

"கொஞ்ச நேரம் முன்னாடியே அழ ஆரம்பிச்சிருப்பீங்க. அவ்வளவுதான்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்டார். "அவங்க சொல்லலையா? உங்ககிட்ட முதல்ல இதைச் சொல்லுங்கன்னு திருப்பித் திருப்பிச் சொன்னேனே."

ஒரு வருஷம். அவ்வளவு சின்ன வாக்கியத்தை ஒரு வருஷம் வாயில் அடக்கி வைத்திருந்தீர்கள். நான் மாதாமாதம் வந்து கையேந்தினேன். ஒவ்வொரு முறையும் சாப்பிட்டாயா, தலைக்குத் துணி கட்டினாயா என்று கேட்டு அனுப்பினீர்கள்.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். திரும்பாதே என்ற விதி யாருடையது? என் புருஷன் என்னிடம் சொன்னது, "அக்கா அடிச்சு அடிச்சுச் சொல்லிக்கொடுத்தது, பாதி வானம் அக்காவோடது, திரும்பினா முட்டியில ஸ்கேல் விழும்" என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நாற்பது வயது தாண்டிய மனுஷன், என் முதுகில் சாயும்போது தனக்கு வலி வந்தபோதுகூட, "ஏய், இங்க பாரு" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வலி வந்திருக்கும் இல்லையா, ஒரு நொடியாவது? சங்கு ஊதவில்லை என்று பேசாமல் இருந்திருப்பார். உங்கள் நல்ல மாணவர்.

நீங்கள் கேட்டதில் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். சங்கு ஊதியதும் திரும்புவதற்கு முன்னால் நான் பேசினேன். என்ன பேசினேன் தெரியுமா? "கண்ணாடிக்காரரே, உள்ளான் பார்த்துட்டேன். உங்க அக்கா ஆயுசுக்கும் இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்காத உள்ளான்." பதில் வரவில்லை. அக்காவைச் சொன்னதும் கோபம் வந்துவிட்டது என்று நினைத்து, "என்ன, பொறாமையா?" என்று கேட்டேன். அப்புறம்தான் திரும்பினேன்.

மற்றதைச் சொல்ல மாட்டேன். எந்தத் தோள் என்று சொல்ல மாட்டேன். தலை எங்கே இருந்தது, சூடு எவ்வளவு நேரம் இருந்தது, எதையும் சொல்ல மாட்டேன். டாக்டர் வாக்கியத்தை நீங்கள் வைத்திருந்தீர்கள் இல்லையா, இதை நான் வைத்துக்கொள்கிறேன். சாகும்வரை கேளுங்கள்.

இனிமேல் உங்கள் கடிதம் வந்தால் விலாசதாரர் இல்லை என்று என் கையாலேயே எழுதித் திருப்பி அனுப்புவேன். அது என் வேலை. சுத்தமாகச் செய்வேன்.


அக்டோபர் 8

வாலாட்டிக்கு,

இந்தக் கடிதமும் உன் பைக்குத்தான் வரும். விலாசதாரர் இல்லை என்று எழுதுவதற்கு முன்னால் பிரித்துப் படிப்பாய். உன்னை எனக்குத் தெரியும்.

டாக்டர் சொன்னது நீ கேட்டு வந்ததுதான். ஒரு எழுத்து கூடுதல் இல்லை, குறைவு இல்லை. அன்றைக்கே சொல்லச் சொன்னார், நான் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. மறுபடி அந்த வராந்தாவில் நின்றாலும் சொல்ல மாட்டேன்.

ஏன் என்பதை ஒரு உதாரணத்தோடு சொல்கிறேன். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே ரொட்டி. ஒருத்தி முழுவதையும் தின்றுவிட்டு வயிறு வலிக்கிறது என்று அழுகிறாள். இன்னொருத்தி பசியோடு பக்கத்தில் நின்று அவளுக்குச் சமாதானம் சொல்ல வேண்டும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இதைச் செய்யச் சொல்ல மாட்டார்கள்.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது அவன் வெள்ளைத் துணிக்குள் இருந்தான். தொட்டேன். மேசையைத் தொட்ட மாதிரி இருந்தது. நீ மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாய், உன் சட்டையின் முதுகில் ஒரு இடம் மட்டும் கசங்கியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடைசியாக அவன் பாரம் முழுவதும் எங்கே இறங்கியது என்று தெரிந்துவிட்டது. என் முக்காலியில், நான் உட்கார்ந்த பக்கத்தில், உன் முதுகில். நான் இந்த ஊருக்கு வராமல் இருந்திருந்தால் அது என் முதுகாக இருந்திருக்கும். அந்த நேரத்தில் டாக்டர் வந்து, "அந்த அம்மாவுக்கு ஆறுதல் சொல்லுங்க" என்றார்.

விடையைச் சொல்லியிருந்தால் நீ புத்தகத்தை மூடியிருப்பாய். அந்தக் காலையை ஒரு வரிகூட எனக்கு எழுதியிருக்க மாட்டாய். உன்னிடமிருந்து வரி வரியாகத்தான் அதைப் பிடுங்க முடிந்தது. காலை மண்ணில் ஊன்றிக்கொண்டேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துவிட்டு நான் எழுந்து போய்ச் சுவரில் முதுகை வைத்து நின்றேன். சுவர் சாயாது. எவ்வளவு நேரம் நின்றாலும் சாயாது.

விதி என்னுடையதுதான். ஸ்கேலும் என்னுடையது. நீ எழுதியதை ஒவ்வொரு நாளும் படிக்கிறேன். நன்றாக அடித்திருக்கிறாய்.

உள்ளானைப் பற்றி நீ சொன்னதும் சரி. நான் அந்தப் பக்கம் உட்கார்ந்த காலமெல்லாம் அது வரவில்லை. நீ அதைச் சொன்னது அவன் காதில் விழவில்லை என்பதில் எனக்குத் திருப்தி.

தோளை நீ சொல்ல வேண்டாம். வைத்துக்கொள். வாயால் சொன்னால் அது எனக்கு வந்து சேராது என்பது எனக்கும் புரிந்துவிட்டது.

வருகிற ஞாயிறோடு அவன் போய் ஒரு வருஷம். முதல் பஸ்ஸில் ஏறினால் வெளிச்சம் வரும் முன் உன் ஊருக்கு வந்துவிடலாம் என்று இங்கே சொன்னார்கள். மூட்டு ஒத்துழைக்குமா என்று தெரியாது. வருவேன் என்று நான் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. உன்னை எதிரே பார்க்கும் எண்ணம் எனக்கு இல்லை, உனக்கும் இருக்காது.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்த மேட்டில் இரண்டு முக்காலிகளையும் போடு, குட்டையைப் பார்த்து உட்கார், முதுகில் பாரம் வந்தாலும் வராவிட்டாலும் சங்கு ஊதும்வரை திரும்பாதே.